கறித்தூளோடு போன கடற்கரைகள்

உல்லாசப் பயணம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முழங்கால் வலிக்கும். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை எனக்கு. லீவு கிடைத்தால் நான் போக விரும்புகிற ஒரே ஊர் என் கட்டில்தான். அப்படிப்பட்ட நான் கலிபோர்னியாவின் கடற்கரை ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவிட்டு வந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மனுசனுடைய கண்.

அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. ஓரங்கள் தெரியும், நேரே இருப்பது தெரியாது. இடது கண் முந்தியே போய்விட்டது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டதென்று டொக்டர் சொன்ன அன்று, ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குக் காத்து நின்றபோது, கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

"சூரியன் கடலுக்குள்ள இறங்கிறத ஒருக்காப் பாக்கணும்."

அவர் மட்டக்களப்பு. அங்கே கடல் கிழக்கே. சூரியன் கடலிலிருந்து ஏறும், கடலில் இறங்காது. கனடாவுக்கு வந்தபின் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகிற லொறி ஓட்டினார். விடிய முன்னமே வேலைக்குப் போய்வருகிற மனுசனுக்குப் பின்னேரம் என்பது நித்திரை கொள்கிற நேரம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கு இது வேணும், அது வேணும் என்று வாய் திறந்து கேட்டவரல்ல. கறியில் உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறவர். அவர் ஒன்று கேட்டுவிட்டார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அஜக்ஸில் இருக்கிற மகள்தான் டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றையும் போட்டுத் தந்தாள். "அம்மா, யூ கைஸ் நீட் எ ரியல் வெகேஷன். பசிஃபிக் கோஸ்ட். வெஸ்ட் ஃபேசிங். எந்த பீச்சுக்குப் போனாலும் அப்பா சன்செட் பாக்கலாம்" என்றாள். எந்த பீச்சுக்குப் போனாலும்! அந்த வார்த்தையைப் பிறகு நான் பலதடவை நினைத்து எரிச்சல்பட்டேன்.

அவர் எனக்கு ஒரு கட்டளை போட்டார். கண் விஷயம் மகளைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் சனம் வீடு தேடி வந்து குந்தியிருந்து மூக்கைச் சிந்தும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும், லொறி ஓட்டின மனுசனைக் கையைப் பிடித்து றோட்டுக் கடத்திவிடப் பார்க்கும். அவர் பயப்பட்டதில் பிழை இல்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். றிச்மண்ட் ஹில் கோயிலில் அக்காவைக் கண்டபோது, கலிபோர்னியாவுக்குப் போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் போனை எடுத்தாள். நாங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன்னம் கலிபோர்னியாச் சொந்தத்திலிருந்து முதலாவது அழைப்பு.

"கேள்விப்பட்டன், வாறியளாம். எங்கட வீட்டை வராமல் போயிடாதேங்கோ."

என் யாழ்ப்பாணத்துச் சொந்தத்தில் இது அழைப்பல்ல, அழைப்பாணை. அவர்கள் இருக்கிற பக்கம் போய்விட்டு வீட்டுக்குப் போகாமல் திரும்பினால், அதைச் செத்தவீட்டில்கூடச் சொல்லிக்காட்டுவார்கள். போனால் சாப்பிட வேண்டும். வெறுங்கையோடும் போக முடியாது. கலிபோர்னியாவில் எல்லாம் கிடைக்குமாம், எங்கள் கறித்தூள் மட்டும் கிடைக்காதாம். ஸ்காபரோவில் வறுத்து அரைத்த தூள்தான் வேணுமாம். ஒரு பெட்டி முழுக்கக் கறித்தூள், பயத்தம் பணியாரம், முறுக்கு. கடற்கரையில் போடவென்று மகள் வாங்கித் தந்த பருத்திச் சட்டைகளை மற்றப் பெட்டியில் வைத்தும் அவையும் மணத்தன. அந்தப் பயணம் முழுக்க, அவித்து வைத்த கறி மாதிரி நடந்து திரிந்தேன்.

சன் டியாகோவுக்கு வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். நீளமான மரப்பாலம் கடலுக்குள் போகிறது. பெடியள் பலகையில் ஏறி அலையில் வருகிறார்கள். காலையில் முழுக்கப் புகார் மூட்டம், கடலே தெரியவில்லை. மத்தியானம்தான் வெயில் வந்தது. அவர் மணலில் நின்று, பின்னேரம் எந்த இடத்தில் இருக்கலாம் என்று இடம் பிடித்து வைத்தார். ஆனால் பின்னேரம் நாங்கள் என் மச்சாளின் வீட்டில் இருந்தோம். கடலிலிருந்து உள்ளே, மலை தாண்டி. "இப்ப சாப்பாடு போடுறன்" என்றாள். நாங்கள் போட்டோ அல்பம் பார்த்தோம், வீட்டின் பின்பக்கம் பார்த்தோம், புதுச் சமையலறை பார்த்தோம். கடைசியில் இடியப்பம் வந்தபோது, குசினி ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுக் கராஜுக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து கறுத்தது. அவர் தன் இடியப்பக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

"நாளைக்குப் பாப்பம்" என்றார் காரில். அவர் என்னையும் வாங்க, போங்க என்றுதான் சொல்வார். நாங்கள் கலியாணம் முடித்த நாளிலிருந்து என் அக்காமாருக்கு அது பகிடி. "நீங்க களைச்சுப் போனீங்க. நாளைக்குப் பாப்பம்."

களைத்துத்தான் போனேன். அவருக்கு லைசன்ஸ் போய்விட்டது. நான்தான் ஓட்டம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் எனக்குப் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கிற அவசரக்காரர்கள். எல்லாரும் வந்து ஆறுகிற அந்தக் கரையில் நான் கண்டது பெரும்பாலும் முன்னால் போகிற காரின் பின்பக்கம். வீட்டில் மொப் அடிக்கிறபோதும் இவ்வளவு இடுப்பு நொந்ததில்லை.

இரண்டாவது ஊர் லகூனா. மலையடிவாரத்தில் பூமரங்கள், வெள்ளை வீடுகள், படியால் இறங்கினால் கடல். அன்றைக்கு மாமாவின் மகன் வீடு. அங்கே ஒரு புது வில்லங்கம். அவருக்கு ஒருவரின் முகம் தெரியவேண்டுமென்றால் அந்த ஆளின் காதுக்கு வெளியே எங்காவது கண்ணை நிறுத்த வேண்டும். அப்போதுதான் முகம் ஓரத்தில் விழும். கண் கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு பிள்ளை அப்படிப் பழக்கிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கிறதும் அப்படித்தான். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடி; கண் அதில், பார்வை டிவியில். அந்தச் சாடியைத் தூசி தட்டவும் நான் தொடக்கூடாது. இது தெரியாத மாமாவின் மகனின் மனுசி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"அத்தானுக்கு எங்களோட என்ன கோவம்? முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை."

"அவர் சுபாவமே அப்பிடித்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் வெட்டித்தரவா என்று கேட்டுச் சமாளித்தேன். அன்றைக்கும் சூரியன் எங்களைக் கேட்காமல் போனது.

சாந்தா பார்பராவில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. ஆண்டவனே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பனை மரங்கள் வரிசையாக நிற்கிற கரை. வெயிலோ வெயில். மத்தியானத்திலிருந்து மணலில் துவாய் விரித்து இருந்தோம். நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பிப் பார்க்கிறேன், சூரியன் கடலுக்கு மேலே இல்லை. வலக்கைப் பக்கம் வீடுகள் நிறைந்த ஒரு மேட்டுக்கு மேலே நிற்கிறது. அந்த மேட்டுக்குப் பின்னாலேயே இறங்கியும் விட்டது. நாயோடு நடந்துபோன ஒருவரைக் கேட்டேன். இந்த ஊரில் கரை தெற்குப் பார்த்ததாம், வெயில் காலத்தில் சூரியன் தரையில்தான் மறையுமாம், குளிர்காலத்தில் வரச் சொன்னார்.

என் மனுசன் சிரித்தார். மணலில் மல்லாந்து படுத்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கட ஊர்ச் சூரியன்தான் இது. கடலுக்குள்ள இறங்கப் பயம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் மேல், அக்கா மேல், அந்த நாய்க்காரர் மேல்கூட ஆத்திரமாக வந்தது. ஆகக் கூடுதலாக என் மேலேயே. துவாயை உதறினபோது வேண்டுமென்றேதான் பலமாக உதறினேன்.

கடைசி ஊர் பிஸ்மோ. மறுநாள் விமானம். வடக்கே போகப் போகக் குளிர் காற்று. ஆனால் அன்றைக்குப் புகார் விலகி வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஹோட்டல் ஜன்னலால் பார்த்தாலே கடல் நேரே மேற்கே. நான் போய் அலையில் காலும் நனைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் உள்ளே தள்ளி ஒரு ஊரில் சின்னம்மா ஒருவர் இருந்தார், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. நாங்கள் வருகிறோமென்று நண்டு வாங்கி வைத்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு வெள்ளனவாகத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் ஆட்களின் வீட்டில் எட்டிப் பார்ப்பது என்று ஒன்று கிடையாது.

சின்னம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். காலை இழுத்து இழுத்து நடந்தபடி எல்லாம் தன் கையாலேயே செய்தார். நண்டு கொதித்தது. புட்டு அவியவில்லை. கறித்தூள் பொதியைப் பிரித்து மணந்து பார்த்து, "இதுதான், இதுதான்" என்று கண்கலங்கினார். வெளியே வெயில் சாய்ந்து சுவரில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. என் மனுசன் மேசைக்கு முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி இருந்தார். அந்த இருப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன்.

"சின்னம்மா, நாங்கள் வெளிக்கிடுறம். கடலுக்குப் போகவேணும்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? புட்டு இப்ப அவிஞ்சிடும். சாப்பிட்டிட்டுப் போங்கோ. கடல் எங்க ஓடப்போகுது?"

"கடல் ஓடாது சின்னம்மா. இவற்ற கண்தான் ஓடுது" என்றேன்.

சொன்னபின்தான் எனக்கே கேட்டது. அவர் தலையைத் திருப்பி என் காதுக்கு வெளியே எங்கோ பார்த்தார். அப்படியென்றால் என் முகத்தைப் பார்க்கிறார் என்று அர்த்தம். கோபப்படவில்லை. சின்னம்மா கையில் அகப்பையோடு நின்றார். மூக்கைச் சிந்தவில்லை, வைத்தியம் சொல்லவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, பாதி அவிந்த புட்டையும் நண்டையும் கழுவி வைத்திருந்த வெறும் தயிர்ப் பெட்டிகளில் போட்டு மூடி, என் கையில் தந்தார்.

"ஓடு பிள்ளை" என்றார்.

பிஸ்மோவில் காரைச் சரியாக நிறுத்தினேனா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. நாங்கள் மணலுக்கு இறங்கியபோது சூரியன் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பெரிசு. ஒரு நொடி கண்டேன். அவர் மணலில் குந்தி, தலையை அங்கும் இங்கும் திருப்பினார்.

"பிடிபடுதில்ல" என்றார். "வெறும் தண்ணிதானே, கண்ணை நிப்பாட்ட ஒண்டும் இல்ல. இஞ்ச வாங்க. எனக்கு முன்னால, கொஞ்சம் இடப்பக்கமா இருங்க. என்னைப் பாத்து."

இருந்தேன். கடல் என் முதுகுப் பக்கம் வந்தது.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமா அரக்கி இருங்க. ஆ, அப்பிடியே. அசையாதேங்க. நீங்க அசைஞ்சா எனக்கு அது துலைஞ்சு போயிரும்."

முழங்கால் இரண்டும் மடங்கி, குளிர் மணல் பாவாடைக்குள் ஏற, நான் அந்தப் பூச்சாடி மாதிரி இருந்தேன். அவர் என் முகத்தை நேரே பார்த்தார். கலியாணம் முடித்த புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. நான் அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"தண்ணியத் தொட்டிட்டுது" என்றார். பிறகு, "இடுப்பு மட்டுக்கும் உள்ள போயிட்டுது." அவருடைய முகத்தில் கிடந்த மஞ்சள் வெளிச்சம் சிவப்பாகி, கன்னத்திலிருந்து மெல்லக் கழன்றது. வாய் சாடையாகத் திறந்திருந்தது. எனக்கு ஒரு கால் விறைத்துவிட்டது. திரும்பிப் பார்க்கவேணும் போல இருந்தது; திரும்பவில்லை.

"முடிஞ்சுது" என்றார்.

அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து புட்டை எடுத்து முதலில் எனக்குத் தந்தார். மாப் பிடித்தது, வேகவில்லை. இருவரும் தின்றோம்.

"எத்தினை தூரம் ஓடிக் களைச்சீங்க" என்றார். "நீங்களும் பாத்தீங்கதானே?"

"ஓம்" என்றேன். "வடிவாப் பார்த்தன்."