சம்பிரதாயமில்லாத சூரியன்

காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகளின் வரிசை கலைவதற்குள் லலிதாக்ஷி டீச்சர் ஏணியில் பாதி ஏறியிருப்பார். கொசுவம் இடுப்பில், ஈரத்துணி தோளில், வாளி கையில். எங்கள் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் இருக்கும் இரண்டு சோலார் பேனல்களுக்கு முகம் கழுவிவிடுவதுதான் அவருடைய முதல் பீரியட். கீழே தலைமை ஆசிரியர் திப்பேருத்ரப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், விழுந்து வெச்சீங்கன்னா என் பேர்தான் பேப்பர்ல வரும்" என்பார். "வரட்டும் சார், வேற எதுக்குத்தான் வரப்போகுது" என்று மேலேயிருந்து பதில் இறங்கும்.

சிக்கனகுண்டேயில் மழை என்பது ஒரு வதந்தி. எங்களுக்கு விளைவது வெயில்தான். கடலை போட்டுக் காய்ந்துபோன நிலத்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்து, கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி நட்டு, சோலார் பார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே விளையும் கரண்ட் எங்கள் தலைக்கு மேலேயே கம்பியேறி நகரத்துக்குப் போகிறது. போகிற வழியில் எங்கள் தெருவைப் பார்த்துத் தலையசைப்பதுகூட இல்லை. எங்களுக்கென்று ஒதுக்கிய கரண்ட் வேறெங்கோ கரி எரித்துப் பிறந்து, மாநிலம் முழுக்கச் சுற்றி, களைத்து வந்து சேர்ந்து, வந்ததும் படுத்துவிடும்.

அந்தக் கண்ணாடிகளைத் துடைக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள்தான் லலிதாக்ஷியின் ஏழாம் வகுப்பு. மாடியில் இருக்கும் இரண்டும், விரிசல் விட்டதென்று பார்க்கில் ஒதுக்கிப் போட்டவை. டீச்சர் பார்க் மேஸ்திரியிடம் நேரே போய்க் கேட்டார். உடைந்த சாமான் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு என்று அவன் இழுத்தான். "கண்ணாடிதானே விரிஞ்சிருக்கு, வெயில் விரியலையே? ஏத்துப்பா வண்டியில" என்றார். ஏற்றிவிட்டான். அவரோடு பேசிப் பார்த்தவர்கள் கடைசியில் செய்வது அதுதான்.

ஆள் ஒல்லி, குரல் மட்டும் குண்டு. மத்தியானம் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாம்பாரில் காரம் போதாதென்று வீட்டிலிருந்து வேர்க்கடலைப் பொடி வரும், அது பக்கத்துத் தட்டுகளுக்கும் போகும். யாராவது 'கரண்ட் வந்துச்சு', 'கரண்ட் போச்சு' என்றால் மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். "வர்றதுக்கும் போறதுக்கும் அது என்ன உன் மாமனா? எங்கேயிருந்து வந்துச்சு, யார் வீட்டுக்குப் போச்சு, சொல்லு." இதற்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் இருட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

சிக்கல் பாடப்புத்தகத்தில் ஆரம்பித்தது. நிலக்கரியும் பெட்ரோலும் சம்பிரதாய சக்தி, சூரியனும் காற்றும் சம்பிரதாயமில்லாத சக்தி என்று அதில் போட்டிருக்கிறது. எழுதியவருக்கு விடியற்காலையில் எழும் வழக்கமில்லை போலும். லலிதாக்ஷி அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நம்ம ஊர்ல தவறாம வர்றது எது? சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போறது எது? சம்பிரதாயம் தெரிஞ்சது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட்டார்.

பிள்ளைகள் மாவட்டத் தேர்வில் சொன்னார்கள். சம்பிரதாய சக்திக்கு எடுத்துக்காட்டு: வெயில். சம்பிரதாயமில்லாததற்கு: கம்பியில் வரும் கரண்ட். பேனல் துடைக்கும் மாரக்காவின் மகள் சிந்துஸ்ரீ, 'அதுவும் வந்தால்' என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள். எல்லாருக்கும் முட்டை. ஒரு வகுப்பே ஒரே தப்பை எழுதினால் அதற்குக் காரணம் டீச்சர்தான் என்று மேலே முடிவாயிற்று.

விசாரிக்க வந்த கல்வி அதிகாரியின் பெயர் விருபண்ணா. நல்ல மனிதர், வெயில்தான் ஒத்துக்கொள்ளாது. தலைமை ஆசிரியர் அறையில் விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் முன்னால் நின்று, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, புத்தகத்தில் இருப்பதே சரி என்று டீச்சர் சொல்லிவிட வேண்டும். மாட்டேனென்றால் மலைநாட்டுப் பக்கம் மாற்றல். "அங்கே எந்நேரமும் மழைதான் மேடம். உங்க சூரியனை ஆள் விட்டுத் தேடணும்."

டீச்சர் போனால் பேனல்களும் போகும். பஞ்சாயத்து பிரசிடெண்ட் தன் ஆபீஸ் மாடியில் அவற்றுக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். திப்பேருத்ரப்பா லலிதாக்ஷியை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு வாக்கியம், சொல்லித் தொலைத்துவிட்டு நாளையிலிருந்து பழையபடி நடத்துங்கள் என்று கெஞ்சினார்.

"நாளைக்கு நான் சொல்றதை இவங்க எதுக்கு சார் நம்பணும்?" என்று கேட்டார் அவர்.

அன்றைக்குப் பார்த்துக் காலையிலிருந்து கரண்ட் போகவேயில்லை. துரோகம் என்றால் அது துரோகம். பெரிய ஆபீஸர் வந்திருப்பது அதற்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "நல்லாத்தானேம்மா வருது? இதுக்குப் போயா இவ்வளவு பேசினீங்க?" என்று விருபண்ணா விசிறியைக் காட்டிச் சிரித்தார்.

சிரித்து முடித்த கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது. கரண்ட் தானாகப் போனதா, மெயின் போர்டிலிருந்து ஃப்யூஸை யாராவது கழற்றினார்களா என்பது பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது. லலிதாக்ஷி தண்ணீர் குடிக்கப் போனதைப் பார்த்தேன். தண்ணீர்ப் பானை மெயின் போர்டுக்குக் கீழே இருப்பது பள்ளிக்கூடம் கட்டியவர்களின் தவறு.

ஃபைலால் விசிறிப் பார்த்துத் தோற்ற விருபண்ணா, சட்டை முதுகில் ஒட்ட, ஏழாம் வகுப்புக்குள் வந்தார். நானும் வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே பேனலில் ஓடும் டேபிள் ஃபேன் ஒன்று பிள்ளைகளைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபேனின் கழுத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ம், சொல்லுங்க மேடம். பிள்ளைங்க கேக்கட்டும்."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். முன்வரிசையில் சிந்துஸ்ரீ மேலுதட்டு வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். லலிதாக்ஷி சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அதிகாரியின் முன்னால் வந்தார். ஃபேனின் கழுத்தைப் பிடித்துப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். பிறகு குனிந்து, அது இனி யார் பக்கமும் திரும்பாதபடி, பின்னாலிருந்த திருகாணியை இறுக்க ஆரம்பித்தார்.