புளியரை இறக்கத்தில் பிரேக் பெடலுக்கு அடியில்

பேய் என்று எவனாவது வாயெடுத்தால் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்க்கிற ஆள் நான். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து பிக்கப் வண்டியில் கேரளாவுக்குப் பூ ஏற்றிப் போவது என் தொழில், தலை நரைத்ததே ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான். இத்தனை வருஷத்தில் வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், நடுரோட்டில் கை காட்டுகிற பொம்பளை என்று டிரைவர்மார் சொன்ன கதை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். ஒருத்தனாவது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேயைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறானா என்றால் கிடையாது, எல்லாம் தூக்கக் கலக்கத்திலும் குவார்ட்டரிலும் வருகிற பேய்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், டீ குடித்துவிட்டு, முழுப் புத்தியோடு இருந்தபோது. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன்.

மாரியப்பன் என் மனைவி செல்வியின் தம்பி. எனக்கு முதுகுவலி வந்த பிறகு வண்டியை அவனிடம் கொடுத்தேன். நல்ல பையன்தான், ஆனால் டிரைவர் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும். இறக்கத்தைக் கண்டால் நியூட்ரலில் தள்ளிவிட்டு டீசலை மிச்சம் பிடிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் இவனும் ஒருத்தன். மலையில் இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரில் போடு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டுவான். அப்புறம் உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் பிரேக்கிலேயே ஏறி நின்று லைனிங் கருகுகிற நாற்றத்தோடு வந்து சேருவான்.

போன ஆடி மாதம் ஒருநாள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், புளியரை இறக்கத்துல பிரேக்கை மிதிச்சா அடியில இருந்து யாரோ காலைத் திருப்பி உதைக்காங்க."

"அதுக்குப் பேரு ஏபிஎஸ்லே, கோட்டிக்காரா."

சாரல் விழுந்து ரோடு ஈரமாக இருக்கும், இவன் மிதிக்கிற மிதிக்குச் சக்கரம் சுற்றாமல் வழுக்கப் பார்க்கும், அப்படி வழுக்காமல் இருக்க ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், அப்போது பெடல் காலுக்கடியில் அதிரும், அவ்வளவுதான் விஷயம். இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

"அந்த அதிர்வு எனக்குத் தெரியாதா அத்தான்? டர்ர்ருன்னு ஓடும். இது அப்படி இல்ல. மெதுவா, ஒரு ஆளு கால வச்சுத் தள்ளுத மாதிரி."

போய்ப் படுலே என்று விரட்டிவிட்டேன். இந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? ரோட்டோரத்தில் எவனோ ஒரு மேதாவியைப் பிடித்து ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி எறியச் சொல்லியிருக்கிறான். பிடுங்கியதும் முன்னால் ஏபிஎஸ் விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிய ஆரம்பித்துவிட்டன. பிரேக் ஆயில் குறைந்தாலும் எரிவது அதே பிரேக் விளக்குதான், ஆகவே இனி அது எதற்காக எரிகிறது என்று கண்டுபிடிக்க ஆண்டவனாலும் முடியாது. அது போதாதென்று கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து பெடலில் அப்பியிருக்கிறான். நெற்றியில் பூசுகிற மண்ணைக் காலால் மிதிக்கிற இடத்தில் பூசியவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

ஃபியூஸ் இல்லாத வண்டியில் ஏபிஎஸ் வேலை செய்யாது. ஆனால் மறுநாள் அன்னாசிப்பழ லோடோடு திரும்பி வரும்போது மறுபடியும் உதைத்ததாம். மலை உச்சியில் கோட்டைவாசலில் டீக்கடை ஓரமாக வண்டியை லோடோடு நிறுத்திவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாவியை என் முன்னால் வைத்தான். அப்படி ஒரு கேவலத்தை என் வீடு பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் பூ மார்க்கெட் முழுக்கத் தெரிந்துபோயிற்று. "என்னவே அண்ணாச்சி, உம்ம வண்டிப் பேய்க்கு லைசென்ஸ் இருக்கா?" என்று பூக்கட்டுகிறவன்கூடக் கேட்டான். மல்லிகைக்கும் பிச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மாரியப்பனுக்குக் குருவிகுளத்தில் பெண் பேசி, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா அன்றைக்கே போன் செய்துவிட்டார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. மாப்பிள்ளைக்குத் தண்ணி கிண்ணி பழக்கம் உண்டா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லன்னா பேச்ச இதோட நிறுத்திக்கிடுவோம்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஏங்க, நாளைக்கு நீங்களே போயி வண்டிய இறக்கிட்டு வாங்க. கோளாறு வண்டியிலன்னா அதைச் சொல்லுங்க. என் தம்பிகிட்டன்னா அதையும் சொல்லிருங்க. நீங்க சொல்லுததுதான் முடிவு."

முடிவை நான் அப்போதே எடுத்தாயிற்று, கோளாறு அவள் தம்பியின் மண்டையில்தான். காலையில் கிளம்பும்போது மாரியப்பன் வாசல்வரை வந்தான்.

"அத்தான், அது உதைச்சா எதிர்த்து மிதிக்காதீங்க. கால எடுத்துருங்க."

"எடு சவத்த. பிரேக்குல இருந்து கால எடுக்கச் சொல்லுத முத டிரைவர் நீதாம்லே."

தென்காசி போய் அங்கிருந்து கேரளா பஸ் பிடித்துக் கோட்டைவாசலில் இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வண்டி கிடந்தது, சாரலில் நனைந்து. டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவருக்கும் கதை தெரியும் போலிருக்கிறது. ஒரு டீயைக் குடித்துவிட்டு, செருப்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வெறுங்காலோடு ஓட்டித்தான் எனக்குப் பழக்கம். இன்ஜினைப் போட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். மிதித்துப் பார்க்காமல் மலையில் வண்டியை எடுக்க நான் என்ன மாரியப்பனா? பெடல் கெட்டியாக, பிடிக்க வேண்டிய உயரத்தில் சரியாகப் பிடித்தது. விளக்கு இரண்டும் எரிந்தன, ஃபியூஸ் இல்லை, எரியத்தான் செய்யும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

தொடக்கத்தில் சரிவு அதிகம் இல்லை, மூன்றாவது கியரில் விட்டேன். எனக்கு முன்னால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன் ஒன்று, பின் கண்ணாடியில் பிள்ளைகள் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு எனக்குக் கை காட்டின. முதல் வளைவு வந்தது. பிரேக்கைத் தொட்டேன்.

பெடல் மேலே வந்தது.

அதிரவில்லை, துடிக்கவில்லை. நான் கீழே அழுத்த அழுத்த அது அவசரமே இல்லாமல் என் காலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. வண்டி கொஞ்சமும் நிதானிக்கவில்லை. ஏதாவது சிக்கியிருக்கும் என்று குனிந்து பார்த்தேன், பெடலும் அதில் அப்பிய புற்றுமண்ணும் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தேன். மறுபடியும் தள்ளியது. சாரலில் என் பாதம் ஜில்லென்று இருந்தது, ஆனால் காலுக்கடியில் இருந்தது சூடாக இருந்தது. ரப்பரின் வரி வரியான சொரசொரப்பு தெரியவில்லை. மெத்தென்று, குதிகாலுக்கு நேரே குதிகால், விரலுக்கு நேரே விரல். நீங்கள் யாருடைய உள்ளங்காலோடாவது உங்கள் உள்ளங்காலை ஒட்டவைத்துப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும்.

எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. "ஏ சவம், யாரா இருந்தாலும் கால எடு" என்று கத்தினேன், ஆளில்லாத வண்டியில், பெடலைப் பார்த்து. வேன் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது, பிள்ளைகளில் ஒன்றின் பல்லுகூடத் தெரிந்தது. பிரேக் இல்லை, இனி கியர்தான் என்று புத்தி ஒரு நொடியில் சொல்லிவிட்டது. காலை எடுத்தேன். ஆமாம், மாரியப்பன் சொன்னபடிதான் எடுத்தேன், எனக்கு வேறு வழி இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கிக் கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் அலறியது, வண்டி மூக்கை அழுத்திக்கொண்டு வேகம் குறைந்தது, பின்னால் அன்னாசி மொத்தமும் முன்னால் வந்து கேபினில் மோதியது. வேன் கொஞ்சம் விலகிப் போயிற்று. எஸ் வளைவு வருவதற்குள் ஒன்றாவது கியர். ஓடுகிற வண்டியில் அதைப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், கடகடவென்று பல்லைக் கடித்து விழுந்தது. அப்புறம் எருமை நடக்கிற வேகத்தில் அலறிக்கொண்டே இறங்கினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே என்னைத் திட்டித் தீர்த்தான். வேன் எனக்கு எட்டாத தூரத்துக்குப் போய் மறைந்தது.

அடிவாரத்தில், புளியரையில் ரோடு சமமானதும் ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினேன். மூச்சு வாங்கி முடிந்த பிறகு, இன்ஜின் ஓட ஓட, பிரேக் பெடலை ஒருதரம் மிதித்தேன். தொப்பென்று தரைக்குப் போய்விட்டது. இன்னொருதரம் மிதித்தேன், மேலே வரவே இல்லை.

செங்கோட்டையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தால் உள்ளே சொட்டுக்கூட இல்லை. அவர் வண்டிக்கு அடியில் போய்விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, பின்னால பைப்பு உரசி ஓட்டை விழுந்திருக்கு. இது இன்னைக்கு ஒழுகினது இல்ல, நேத்து நின்ன இடத்துலயே காலியாயிட்டு. இத வச்சுக்கிட்டு எப்படி இறக்கினீங்க?"

"இன்ஜின் பிரேக்குல" என்றேன். பொய் இல்லையே.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். பெடல் கெட்டியாக இருந்தது என்றால், மிதிப்பதை லேசாக்க இன்ஜின் கொடுக்கிற வேக்கம் போயிருக்கும் என்பீர்கள். ஐயா, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வேக்கம் போனாலும் பெடலைத் தாங்க உள்ளே ஆயில் வேண்டும். ஆயில் இல்லாத பெடல் கீழே போகும், மேலே வராது. கேள்விப்பட்ட மற்றவர்கள் ஆளுக்கொரு பேயைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் மலையில் விழுந்து செத்த டிரைவர் என்றான், ஒருத்தன் அம்மனே வந்து காப்பாற்றினாள் என்றான். காப்பாற்ற வந்தது என்றால் டீக்கடையிலேயே பெடலைத் தாங்கிப் பிடிக்காமல் தரைக்குப் போக விட்டிருக்கலாமே, நான் வண்டியை எடுத்திருக்கவே மாட்டேனே? கொல்ல வந்தது என்றால் சரிவு கூடுவதற்கு முன்பே உதைத்து என்னைக் கியர் மாற்ற வைத்தது ஏன்? ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாத பேய் அது.

மறுநாளே குருவிகுளம் போனேன். பெண்ணின் அப்பாவிடம் வளவளவென்று பேசவில்லை. "கோளாறு வண்டியில. உங்க மாப்பிள்ளை வண்டிய நிறுத்திட்டு வந்ததாலதான் உசுரோட இருக்கான். வேற எவனா இருந்தாலும் பள்ளத்துல கெடந்திருப்பான். தண்ணி அடிக்கவனுக்கு அந்தப் புத்தி வராது" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் மாரியப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், உதைச்சுதா அத்தான் என்று. "பைப்பு ஓட்டை. உதையாவது மண்ணாவது" என்று சொல்லிவிட்டேன். செல்வி அன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவையும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடமும் இதுவரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். அந்தச் சூடான பாதத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் சில்லென்று, கெட்டியாக, என் இரண்டாவது விரலுக்கு அடியில் குத்தியது. பெடல் ரப்பரில் ஆணி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் ரப்பரைக் கழற்றியே பார்த்தேன், ஆணியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டி முடித்து, பெண் அம்மியில் காலைத் தூக்கி வைத்தாள். மாரியப்பன் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்து, இரண்டாவது விரலில் மெட்டியை நுழைத்தான். நுழைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. விரலின் அடிப்பக்கம், மெட்டி சுற்றிவருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பெண் கூச்சத்தில் நெளிந்தாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தான்" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அன்னைக்கு விரல்ல குத்துனது இதுதான். உங்களுக்கும் குத்துச்சுல்லா?"

செல்வி பதறிப்போய் என்ன என்று கேட்டாள். கூட்டத்துல மயக்கமா வருதாம், ஒரு சோடா கொண்டுவரச் சொல்லு என்றேன். அவனுக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. வண்டிக்குப் புது பைப்பு, புது ஃபியூஸ் போட்டாயிற்று, அவன்தான் ஓட்டுகிறான், இப்போது இரண்டாவது கியரில்தான் இறங்குகிறான், அதற்கப்புறம் உதைக்கவில்லை என்கிறான். எப்போதாவது நான் ஓட்ட வேண்டி வந்தால், பேய் என்று பேசுகிறவன் வாயை முகர்ந்து பார்க்கிற இந்த ஆள், இரண்டாவது விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிரேக்கை மிதிக்கிறேன்.