வேலிக்குப் பின்னால் நடந்தவள்

ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் ரயில் ஓடாத பழைய தண்டவாளம் ஒன்று கிடந்தது. தொண்ணூற்றாறில் எனக்கு வெளியுலகம் என்றால் அதுதான். இருந்த ஒரே காரை என் கணவர் காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது, டிரைவிங்கும் தெரியாது. தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் அரை மணியில் லைப்ரரி. வழியெல்லாம் வீடுகளின் கொல்லைப்புறம். ஒரு வீட்டில் தக்காளி போட்டிருந்தார்கள். தினமும் நின்று பார்ப்பேன். ஒருநாள் அந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அடேயப்பா, ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொதுவாக ஒரு பாதை போடலாமா, வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. என் கணவரை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போகவைத்தேன்.

"வந்தமா, வேடிக்கை பாத்தமான்னு இரு. வாயத் திறக்காத. க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார்.

நகராட்சி ஹாலில் மேஜை மேல் பெரிய வரைபடம். பாதை வேண்டாம் என்று சொல்லத்தான் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்தார். இப்போதே ஒரு பெண் தினமும் வந்து நின்று தம்முடைய தக்காளித் தோட்டத்தை நோட்டம் பார்க்கிறாளாம். போ, போ என்று அவர் மனைவி கையை ஆட்டியும் சிரித்துக்கொண்டே நின்றாளாம். பாதை கிடக்கட்டும், முதலில் தண்டவாளத்தை வேலி போட்டு அடையுங்கள் என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அட பாவி மனுஷா, தக்காளியைப் பார்த்ததற்கா இவ்வளவு! என் கணவர் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"அந்தப் பெண் நான்தான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "லைப்ரரிக்குப் போக எனக்கு வேறு வழியில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச ஒரு ஆள் இல்லை. அதனால்தான் உங்கள் செடியைப் பார்க்கிறேன்." அதற்குமேல் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பாதைக்குத் திட்டம் போடும் அலுவலர், ஒரு வெள்ளைக்கார அம்மாள், என்னைக் கூப்பிட்டுப் பேனாவைக் கொடுத்தார். நான் நடக்கும் வழியை வரைபடத்தில் கோடாகப் போடச் சொன்னார். போட்டேன். ஆள் நடக்கிற இடத்தை அடைக்க முடியாது என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். தக்காளிக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

காரில் ஏறி உட்கார்ந்தும் என் கணவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை.

"பேச ஆளில்லன்னு அத்தனை பேர் முன்னாடி அழற. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தினமும் சொன்னேங்க" என்றேன். "தமிழ்லதான் சொன்னேன்."