நானூறு கலஞ்சோவும் ஃபுட்சால் விளக்கும்

1. மொட்டைக் காணோம்

வள்ளியம்மை ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த நர்சரியில் அவருக்காக வைத்த நானூறு கலஞ்சோ தொட்டிகளும் பச்சைப் பசேலென்று நின்றன. மொட்டைத்தான் காணோம்.

கலஞ்சோ கையளவு உயரச் செடி. இலை தடிப்பாக, சதைப்பற்றாக இருக்கும். உச்சியில் சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக வரும். ஜொகூர் பாருவில் மகள் கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொட்டி கொடுக்க வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. "பூத்த செடியாத்தான் கொடுக்கணும் கமலா, வெறும் இலையக் கொடுத்தா கீரைனு நெனைப்பாக" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதலாளி லிம் எஸ்டேட் கடையில் வளர்ந்த சீனர். தமிழ் நன்றாகவே பேசுவார். முதலாளி என்பதற்குத் தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஷெட்டுக்குள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"உரம் போட்டியா?"

"போட்டாச்சு தவுக்கே. பூ உரமும் சேத்துப் போட்டாச்சு."

"போன வருஷம் தானா பூத்துச்சே லா. இப்ப என்ன கோபம் இதுக்கு?"

எனக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகு ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஷெட்டின் கடைசியில் முப்பது தொட்டிகளில் மட்டும் மிளகு அளவுக்கு மொட்டுகள் இருந்தன. அந்த முப்பதும் ஒரே இடத்தில், ஆப்பு வடிவில், கூர்முனை வெளிப்பக்கம் பார்த்தபடி நின்றன.

அதே நாற்று, அதே மண், அதே குழாய்த் தண்ணீர். மொட்டு விட்ட செடிகளுக்கு நடுவில் நின்று வெளியே பார்த்தேன். எதிரே பெரிய தண்ணீர்த் தொட்டி. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தேன். தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பம் எட்டிப் பார்த்தது, அதன் தலையில் நான்கு பெரிய விளக்குகள். பக்கத்து மனையில் புதிதாகத் திறந்திருந்த ஃபுட்சால், அதாவது சிறு கால்பந்து, மைதானத்து விளக்குகள் அவை; ராத்திரி வெகுநேரம் எரியும். தண்ணீர்த் தொட்டி மறைத்த செடி பூக்கப் போகிறது. விளக்கு பட்ட செடி பூக்கவில்லை.

நாற்றோடு வந்த தாளில் 'ஷார்ட் டே பிளான்ட்', பகல் குறைந்தால் பூக்கும் செடி, என்று போட்டிருந்ததைப் படித்திருக்கிறேன். நம் ஊரில் எல்லா நாளும் ஒரே நீளம்தானே என்று விட்டுவிட்டேன். இந்தச் செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இருட்டு எத்தனை மணி நேரம் விடாமல் நீள்கிறது என்று அது அளக்கிறது. நடுவில் வெளிச்சம் பட்டால், ராத்திரி வந்ததாகவே அது எடுத்துக்கொள்வதில்லை.

லிம் மைதானத்துக்காரரைப் பார்க்கப் போனார். கையில் இரண்டு டிக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"புக்கிங் ஃபுல்லாம், லைட்ட அணைக்க முடியாதாம். நம்மளையும் வந்து ஆடச் சொல்றான்."

2. சமைத்த செடிகள்

நர்சரிக்கு வருவதற்கு முன் எட்டு ஆண்டுகள் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்க, அறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தேன். செடிக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியது.

அவசரத்தில் முதல் நாள் கையில் கிடைத்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை மாலை நான்கரை மணிக்கே போர்த்திவிட்டோம். காலையில் திறந்தால் பல இலைகள் வெந்து தொங்கின.

என்னோடு வேலை செய்த ரஹிமா என்னைக் காக், அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். மலாயில் கத்தினாள்: "அலமாக் காக், நாம செடிய சமைச்சிட்டோம்!"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே பத்து பாகாட் டவுனுக்குப் போய் அடர்த்தியான கறுப்புத் துணி வாங்கி வந்தோம். பைப்பை வளைத்துக் கூடாரமாக நட்டு, செடியைத் தொடாதபடி துணியைப் போட்டோம். வெயில் தணிந்த பிறகு ஆறு மணிக்கு மூடினோம், காலை எட்டரைக்குத் திறந்தோம். பதினாலரை மணி நேர இருட்டு. ஒரு நாளும் தவறக் கூடாது என்பதால் லீவு நாளிலும் முறை வைத்து வந்தோம். என் முறையன்று ரஹிமா நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கி வைத்திருப்பாள்.

துணி எட்டாமல் பத்துத் தொட்டிகள் மட்டும் வெளியே நின்றன.

3. காலைப் புளிப்பு

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை ஆச்சியே நேரில் வந்துவிட்டார். கூடாரத்தைத் திறந்து காட்டினேன். முதலிலேயே மொட்டு விட்ட முப்பதைத் தவிர வேறு எதிலும் மொட்டு கண்ணுக்குத் தெரியவில்லை.

"என்னத்தா இது, கறுப்புத் துணி போட்டுத் துக்க வீடு மாதிரி வச்சிருக்கீக? பொண்ணு தெனம் கேக்குறா. சிங்கப்பூர்ல ஆர்க்கிட் சொல்லிடவா?"

துணி வேலை செய்கிறது என்பதற்கு அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கும். வாங்கியதைப் புளிப்பாக இலைக்குள் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் உணவாக்கும். இரவு நீண்டது என்று கடிகாரம் சொல்லிவிட்டால், கலஞ்சோ இந்த வேலையை இன்னும் மும்முரமாகச் செய்யும். அதனால் தண்ணீர் சோதிக்க வைத்திருந்த பிஎச் பேப்பரில் நான்கு நாளாக இலைச் சாற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆச்சி, ஒரு நிமிஷம் நில்லுங்க."

மூடியிருந்த செடியில் ஒரு இலையும், வெளியே நின்ற செடியில் ஒரு இலையும் கிள்ளி நசுக்கினேன். முதல் பேப்பர் ஆரஞ்சு நிறமானது. இரண்டாவது மஞ்சளோடு நின்றுவிட்டது.

"ஆரஞ்சுன்னா புளிப்பு. ராத்திரி நல்லா வேலை செஞ்சிருக்கு. நீளமான இருட்டு வந்துருச்சுன்னு செடிக்குப் புரிஞ்சிருச்சு. அதே இருட்டுதான் பூவையும் கொண்டு வரும்."

"இல புளிச்சா பூ பூக்குமா? நல்ல கதையா இருக்கே!"

லிம்மும் குனிந்து பார்த்தார். "சாயங்காலம் பாத்தா?"

"ரெண்டும் மஞ்சள்தான் தவுக்கே. பகல்ல செலவழிச்சிடும்."

ஆச்சி நம்பவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. தானே வேறு நான்கு செடிகளைத் தேர்ந்தெடுத்து, இலை கிள்ளி, நசுக்கி, பேப்பரில் தொட்டுப் பார்த்தார். நான்கும் ஆரஞ்சு. வளையல் குலுங்கச் சிரித்தார்.

"சரித்தா, ஆர்க்கிட் வேணாம். ஆனா பூக்கலைனா மாப்ள வீட்டுக்கு நீயே வந்து பதில் சொல்லணும்."

அந்தப் பேப்பர்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார், மகளிடம் காட்டுவதற்கு.

4. சிவப்பும் மஞ்சளும்

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை ரஹிமா துணியைத் தூக்கினாள். அப்படியே நின்றாள். பிறகு ஷெட் முழுக்கக் கேட்கும்படி "காக்! காக்!" என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு செடியின் உச்சியிலும் மொட்டு. கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சிவப்பும் மஞ்சளுமாக லாரி நிறைந்தது. வெந்து வீணான செடிகளுக்கு ஈடாக லிம் தன் வீட்டு வாசலில் பூத்து நின்ற தொட்டிகளையும் ஏற்றினார். துணிக்கு வெளியே நின்ற பத்தும் கடைசி வரை இலையாகவே இருந்தன.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூக்காத செடியைப் பார்த்ததும் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். சூரியன் இறங்கிய பிறகு அந்த இடத்தில் என்ன வெளிச்சம் விழுகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆச்சிக்கும் அதையே சொல்ல வேண்டி வந்தது. மறு வருடம் போன் செய்தார்.

"கமலா, எங்க வீட்டுத் தொட்டி மறுபடி பூக்கவே மாட்டேங்குது."

"எங்க ஆச்சி வச்சிருக்கீங்க?"

"ஹால்ல, டிவி பக்கத்துல. நல்ல வெளிச்சம்."

"ராத்திரி எத்தன மணி வரைக்கும் டிவி ஓடும்?"

"சீரியல் முடிய பத்தரை ஆயிடும்" என்றார். பிறகு உள்ளே திரும்பிக் கணவரிடம் சொல்வது கேட்டது: "ஏங்க, அந்தத் தொட்டியத் தூக்கிப் பின்கட்டு ஜன்னல்ல வைங்க. நம்மளால அது தூங்காமக் கெடக்கு."