செம்பின் வாயில் கட்டிய துணி

மருமகள் குழாயில் புதுத்துணி கட்டினாள். அதன் ஈரக் கஞ்சி வாசம் என்னைத் திருச்சுழிப் பக்கத்து எங்கள் தறி வீட்டுக்கு இழுத்துப் போயிற்று.

1940-களில் ஊருணிக் குளத்துத் தண்ணீர் குடித்தவர்கள் காலில் தோலைத் துளைத்துக்கொண்டு நரம்புச் சிலந்திப் புழு வெளியே வந்தது. டாக்டராகி அதைத் தீர்ப்பேன் என்றுதான் வீட்டில் என்னைப் படிக்கவைத்தார்கள். வடிகட்டிய தண்ணீரில் புழு இருக்காது என்று வாத்தியார் சொன்னதால், என் செம்புக்கு மட்டும் அக்கா துணி கட்டினாள்.

"ஒனக்கு வேணாமாக்கா?"

"நானென்ன பரிச்சையா எழுதப் போறேன்? குடி, லே. டாக்டராயி வந்து எங்க காலப் பாரு."

எனக்கு மட்டும் என்பதில் பெருமை, மடமடவென்று குடித்தேன். மறுவருஷம் அக்காவுக்குப் புழு வந்து, கால் மடங்கியே போனது. நான் டாக்டராகிச் சென்னையிலேயே தங்கிவிட்டேன்.

அந்தத் துணியை எல்லோரும் குடிக்கும் குடத்தின் வாயில் கட்டச் சொல்லியிருக்கலாம். அதற்கு டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை.