பெரியப்பா வீட்டுப் பலகைத் தரை

வீட்டைச் சூடாக்கும் பழைய வெந்நீர்க் குழாயை அறுத்தால் வருகிற தண்ணீர் கறுப்பாக இருக்கும். துருவும் அழுகிய முட்டையும் சேர்ந்த ஒரு நாற்றம் அதில் அடிக்கும். தொண்ணூறுகளில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் பெரியப்பா வாங்கிய பழைய வீட்டில், சுவரோரம் நின்ற இரும்பு "ஹீற்றர்"களையும் அவற்றின் குழாய்களையும் கழற்றிய அந்தப் புரட்டாதியில் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா, அம்மா, நான் மூவரும் அந்த வீட்டின் மேல்மாடி அறையொன்றில் ஒண்டியிருந்தோம்.

தரை முழுவதும் ஓக் பலகை. பெரியம்மா அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். எங்களை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. "பலகையிலை ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கள் வேறை இடம் பாக்கவேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா ஒருமுறை இன்னொரு போர்வை கேட்டதற்கு, "இருக்க இடம் குடுத்தால் படுக்கப் பாயும் கேப்பினம்" என்று வந்திருந்தவர்கள் முன்னால் சொன்னவர். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, எங்களுக்குப் போக இடமில்லை.

ஆள் பிடிப்பானேன், தம்பி இருக்கிறான்தானே என்று பெரியப்பா அப்பாவை வைத்தே வேலையைத் தொடங்கினார். அப்பா கவனமான மனிதர். கொதிகலனை முதல்நாளே ஆறவிட்டு, பேஸ்மன்றில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், தண்ணீரை இறக்கி, மேலே ஹீற்றர்களின் காற்றுத் திருகுகளைத் திறந்து, குழாய்களைக் கீழிருந்தே அறுத்து, ஹீற்றர்களைச் சுற்றி எங்கள் போர்வைகளை விரித்து, ஒரு சொட்டுக் கறுப்புத் தண்ணீரும் மரத்தில் படாமல் பார்த்துக்கொண்டார். தொழிற்சாலைக்குப் போட்டுப்போகிற, முனையில் இரும்பு வைத்த சப்பாத்தை அவர் போட முனைந்தபோதுதான் பெரியம்மா குறுக்கே வந்தார்.

"சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை நடக்கிறதோ? சாமிப்படம் இருக்கிற வீடு."

அப்பா சப்பாத்தை வாசலிலேயே வைத்தார்.

கடைசி ஹீற்றரைத் தூக்கும்போது பெரியப்பாவுக்குப் பிடி வழுக்கியது. அவர் தன் பக்கத்தை விட்டுவிட்டுத் துள்ளி விலகினார். அதன் இரும்புக் கால், போர்வை விலகிய இடத்தில் பலகையை நோக்கி இறங்க, அப்பா தன் வெறுங்காலை அதற்குக் கீழே கொடுத்தார். தவறிப் பட்டதல்ல, நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கொடுத்தார்.

பெரியப்பா குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். "நல்ல காலம், பலகைக்கு ஒண்டும் இல்லை" என்றார். துவாயோடு ஓடிவந்த அம்மா அப்பாவிடம் போகவில்லை. இரத்தம் மரத்தில் ஊறிவிடும் என்று முதலில் தரையைத் துடைத்தார். அன்று அந்த வீட்டிலிருந்த எல்லோரையும் வெறுத்தேன், அம்மாவையும் சேர்த்து.

அப்பாவின் இரண்டு கால்விரல்களை எடுக்கவேண்டி வந்தது. சூடான காற்றை ஊதும் புது ஃபேர்னஸ் பூட்டி வீடு வெதுவெதுப்பான பிறகு, மார்கழியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பெரியம்மா கதையைத் தொடங்கினார்.

"உந்தக் காலோடை மேலை ஏறி இறங்கிறது கஷ்டமெல்லோ தம்பி? நீங்கள் நடக்கேக்கை பலகையும் அதிருது. எங்கையாவது வாடகைக்கு ஒரு பேஸ்மன்ற் பாருங்கோவன்."

"ஓம் அண்ணி" என்றார் அப்பா.

பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்த வீட்டை விற்று ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. போன கிழமை அந்தத் தெருவால் வந்தபோது வீட்டைக் காணவில்லை, இடித்துவிட்டார்கள். தெருவோரத்துப் பெரிய குப்பைத் தொட்டியில் ஓக் பலகைகள் ஆணியும் பிளவுமாக நனைந்துகொண்டு கிடந்தன. காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே சந்தோஷம் அப்பாவுக்கும் வரும் என்று நம்பி, வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"ஐயோ, மழையிலையோ போட்டிருக்கினம்?" என்றார்.