வாணலியில் வறுத்த மணல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தாம்பரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தக் கோபம் ஆய்வகத்தின் மேல். கடற்கரையோரம் நாங்கள் எடுக்கவிருந்த சிலிக்கா மணலில் இரும்பு அதிகம் என்று அறிக்கை வந்திருந்தது. இரும்பு கூடினால் கண்ணாடி பச்சையடிக்கும். வெளிநாட்டுக் கண்ணாடித் தொழிற்சாலை சீந்தாது.

"இன்னொரு சாம்பிள் அனுப்புவோம். அதுவும் இப்படின்னா ப்ராஜெக்ட்டை மூடிட வேண்டியதுதான்" என்றார் மேலாளர். மூடினால், நிலவியல் படித்துவிட்டு மூன்று வருடம் அலைந்து நான் பிடித்த வேலையும் போய்விடும்.

"மணல்ல தப்பே இல்ல சார், லேப்லதான் சொதப்பிட்டாங்க!" என்று கத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே மணலைச் சலித்துப் பொட்டலம் கட்டும் அக்கா, சாம்பிள் வறுத்த இரும்பு வாணலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வறுக்கச் சொன்னது நான்தான். ஐப்பசி மழையில் மணல் காயவில்லை, காயவைக்கும் இயந்திரமும் பழுது. "ரவை மாதிரி வறுத்துடுங்கக்கா" என்று யோசனை சொன்ன மேதாவி நான்.

"இன்னாம்மா இது? துருப்புடிச்சிக் கெடந்த வாணா, இப்ப வெள்ளியாட்டம் பளபளன்னு கீது. அந்தத் துருவெல்லாம் எங்க பூட்ச்சி?"

வறுத்த மணலில் மிச்சம் இருந்ததைக் கொட்டிக் காந்தத்தை ஓட்டினேன். கறுப்பாகத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. வறுக்காத மணலில் ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை.

மேலாளர் முன்னால் போய் நின்றேன். "தப்பு என்னுது சார்." அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "முதல்ல அந்த லேப்காரங்களுக்கு ஒரு சாரி சொல்லிடும்மா" என்றார்.

மழை விட்டதும் முடிச்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து, புதிதாக எடுத்த மணலைப் பரப்பினோம். அக்கா உலோக வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் கிளறினார். வடகம் காயவைப்பது போல இரண்டு நாள் காவல் இருந்தேன். எனக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

இந்த முறை இரும்புச் சோதனையில் மணல் தேறியது. மணல் எடுக்கும் அனுமதிகள் இன்னும் பாக்கி இருந்தன, ஆனால் தொழிற்சாலை மட்டும் எங்களைக் கைவிடவில்லை. சில மாதம் கழித்து, அந்தச் சாம்பிளை உருக்கிச் செய்த உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு ஒன்று பார்சலில் வந்தது. மேலாளர் அதை நேராக அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா முந்தானையால் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே என்னைப் பார்த்தார்.

"பச்சையே இல்லம்மா. நீ அழுவறது அப்படியே தெரியுது."